ஸ்கூட்டர் போதும், காகிதத்தைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருசக்கர வண்டியில் உலகம் சுற்றக் கிளம்புகிறவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது, ஒன்றுவிடாமல் படிக்கிறேன். மாலை, கொடியசைப்பு, இத்தனை நாடு, இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பிள்ளை வண்டியை எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது, சுங்கத்துக்கு என்ன பத்திரம் காட்டியது, வங்கியில் எவ்வளவு பணத்தை முடக்கி வைத்தது, விசாக்களை எந்த வரிசையில் எடுத்தது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு வேண்டியது அதுதான். வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு செல்போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னும் பல பேருக்கும் அதுதான் வேண்டும். அதனால் இதுவரை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, குறைத்துப் போடுவதாக இருந்தால் வண்டிக்கான சுங்க ஜாமீன் புத்தகமான கார்னே பற்றிய பகுதியை மட்டும் குறைக்காதீர்கள்.

கரூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கியர் இல்லாத 125 சிசி ஸ்கூட்டர். அதைக் கப்பலில் கென்யாவின் மொம்பாசாவுக்கு அனுப்பி, அங்கிருந்து தனியாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வரை ஓட்டிப் போக வேண்டும், அடுத்த கட்டமாக ஐரோப்பா போக வேண்டும் என்பது திட்டம். சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது "ஸ்கூட்டரிலா?" என்றுதான். அடுத்தது "தனியாகவா?". இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

ஸ்கூட்டரில் கண்டம் தாண்டிப் போவது புதிது கிடையாது. 1962-ல் சான்டியாகோ கியேன், அன்டோனியோ வெசியானா என்ற இரண்டு ஸ்பெயின் மாணவர்கள் ஒரு வெஸ்பாவை எடுத்துக்கொண்டு மாட்ரிட்டிலிருந்து கிளம்பினார்கள். அந்த வண்டியில் ஓவியர் சல்வடோர் டாலி வரைந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், இன்று அது இத்தாலியில், வெஸ்பாவைத் தயாரிக்கும் பியாஜியோ கம்பெனியின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஆதர்சம் ஜோர்ஜியோ பெட்டினெல்லி. இந்த இத்தாலியர் 1992-ல் ரோமிலிருந்து வெஸ்பாவில் கிளம்பி மறு ஆண்டு வியட்நாமின் சைகோன் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் கடைக்கோடியான டியர்ரா டெல் ஃபுவேகோ, அதற்கப்புறம் மெல்போர்னிலிருந்து கேப் டவுன், 1997-லிருந்து 2001 வரை சிலியிலிருந்து தாஸ்மானியா. எல்லாமே வெஸ்பாவில், எல்லாமே தனியாக. இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது அவர் போன தூரத்தை அல்ல, அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டதைத்தான். ஒரே மூச்சில் உலகத்தையே சுற்றிவிட்டு வந்தால்தான் கணக்கு என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அதனாலேயே பாதிப் பேர் கிளம்புவதே இல்லை. நம் நாட்டிலும் மைசூரைச் சேர்ந்த ஒருவர் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய பஜாஜ் சேத்தக்கில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து இந்தியா முழுக்க, அப்புறம் நேபாளம், பூட்டான், மியான்மர் என்று கூட்டிப் போய் வந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். வயதான அம்மாவை ஏற்றிக்கொண்டு அத்தனை மலைப்பாதையும் ஏறி இறங்கிய வண்டியை இது எதற்கும் ஆகாது என்று எப்படிச் சொல்வது?

சரி, ஏன் ஆப்பிரிக்கா? இந்தியாவிலிருந்து சக்கரத்தில் உருட்டியே வெளிநாடு போய்விடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பது, நானும் மேப்பை முதலில் அப்படித்தான் பார்த்தேன். மேற்கே அட்டாரி எல்லையை 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள், அதற்கு முன்பே வண்டியோடு பாகிஸ்தான் வழியாகப் போவது இந்தியருக்கு ஆகாத காரியமாகத்தான் இருந்தது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழி கொரோனாவில் அடைபட்டது, பிறகு 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதிலிருந்து அங்கே சண்டை. வடக்கே சீனா வழியாகப் போகலாம், ஆனால் வெளிநாட்டு வண்டிக்கு முன்கூட்டியே அனுமதி, தற்காலிக நம்பர் பிளேட், தற்காலிக லைசென்ஸ், கூடவே வழிகாட்டி ஒருவர் என்று எல்லாம் ஏஜென்சி மூலமாக ஏற்பாடு செய்ய வேண்டும், தனியாகப் போகிறவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. துபாய்க்குக் கப்பலில் அனுப்பி ஈரான், துருக்கி வழியாகப் போவது நம்மவர்கள் பலர் போன பாதைதான், ஆனால் மேற்காசியா இப்போது இருக்கும் நிலையில் அதை நம்பித் தேதி குறிக்க எனக்கு மனமில்லை. ஆக எந்தத் திசையில் போவதாக இருந்தாலும் நமக்குப் பயணம் துறைமுகத்தில்தான் தொடங்கும். எப்படியும் கப்பலுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும் என்றால், இறங்கியதும் சிக்கலில்லாமல் ஓட்டக்கூடிய ஊருக்கே கட்டலாம் இல்லையா?

கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, இந்த ஐந்திலும் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். புதிதாகப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ரவுண்டானாவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அப்புறம், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாடகை பைக்குகளை போடாபோடா என்பார்கள், அதில் ஓடுகிற பைக்குகளில் பெரும்பகுதி பஜாஜ் பாக்ஸரும் டிவிஎஸ் ஸ்டார் எச்எல்எக்ஸும்தான். தான்சானியாவில் ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜி. என் ஸ்கூட்டருக்கான சாமான்கள் அங்கே கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, பெல்ட்டும் ரோலரும் இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும். ஆனால் நம் ஊர் இன்ஜினில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் சின்னச் சின்ன ஊரில்கூட இருப்பார் என்பது பெரிய தைரியம்.

மொம்பாசாவிலிருந்து நைரோபி போகும் நெடுஞ்சாலையில் லாரி அதிகம். அதனால் வோய் வரை மட்டும் அதில் போய், அங்கே பிரிந்து டவேட்டா வழியாகத் தான்சானியாவுக்குள் நுழைகிறேன், அந்தப் பக்கம் மோஷி, கிளிமஞ்சாரோ அடிவாரம். பிறகு டோடோமா, இரிங்கா, ம்பேயா, துண்டுமா எல்லை, ஜாம்பியாவில் லுசாகா, லிவிங்ஸ்டன். ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவே ஓடும் ஜாம்பேசி ஆற்றை முன்பெல்லாம் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும், லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். 2021 மே மாதம் கசுங்குலா பாலத்தைத் திறந்துவிட்டார்கள், 923 மீட்டர் நீளம். நேராகப் போட்டால் ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடும் என்று வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நாட்டா வரை சுமார் 300 கிலோமீட்டர் யானைகள் சாலையைக் கடக்கும் காட்டுப்பாதை, நடுவில் பண்டமடெங்கா என்ற சிற்றூரில்தான் பெட்ரோல் பங்க். ஸ்கூட்டர் டேங்க் ஐந்து லிட்டர் சொச்சம், சுமையோடு லிட்டருக்கு 40 கொடுத்தால் 200 கிலோமீட்டர். அந்த பங்கில் ஸ்டாக் இல்லையென்றால் தீர்ந்தது. அதனால் ஃபுட்போர்டில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். மொத்தத்தில் சுமார் ஆறாயிரம் கிலோமீட்டர். நாளைக்கு 200 என்று வைத்துக்கொண்டால் ஓட்டும் நாள் முப்பது, ஓய்வும் எல்லையில் நிற்பதும் சேர்த்தால் இரண்டு மாதம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை, அது ஓய்ந்து ஜூனில் அங்கே இறங்க வேண்டும். தெற்கே அப்போது குளிர்காலம், அதற்கு ஒரு நல்ல ஜாக்கெட் போதும்.

இனி கார்னே. இதைத்தான் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை.

நம் வண்டியை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோனால் அது அந்த நாட்டுக்கு இறக்குமதி. இறக்குமதி வரி கட்ட வேண்டும், அல்லது "விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன்" என்பதற்கு ஜாமீன் காட்ட வேண்டும். அந்த ஜாமீன் புத்தகம்தான் கார்னே. வண்டிக்கு எடுக்கும் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்று, மூன்றாவது துண்டு இரண்டு முத்திரையோடும் நம்மிடமே இருக்க வேண்டும். வெளியேறும் முத்திரை விழாமல் வந்துவிட்டால் வண்டி அந்த நாட்டிலேயே நின்றுவிட்டதாக அர்த்தம், வரியைக் கார்னே கொடுத்த சங்கத்திடம் கேட்பார்கள், சங்கம் நம் ஜாமீன் பணத்தில் கை வைக்கும். புத்தகத்துக்கு ஆயுள் ஓராண்டு. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஐந்தும் சுங்கத்துக்கு ஒரே எல்லை, முதலில் நுழையும் நாட்டில் ஒரு முத்திரை, கடைசியாக வெளியேறும் இடத்தில் ஒன்று. இது தெரியாமல் நடுவில் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பக்கத்தைக் கிழிக்கக் கொடுத்துவிட்டால் பக்கமும் வீண், கணக்கும் குழப்பம்.

நம் நாட்டில் கார்னே கொடுப்பது மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் (WIAA). அதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும், போகும் நாடுகளைப் பொறுத்து அது வண்டியின் மதிப்பையே தாண்டும். இந்த இடத்தில்தான் ஸ்கூட்டரின் அருமை புரியும். இருபது லட்சம் ரூபாய் பைக்குக்கு அதே விகிதத்தில் ஜாமீன் கட்டுவதென்றால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும், பழைய 125 ஸ்கூட்டருக்கோ ஒரு சின்ன ஃபிக்சட் டெபாசிட்டை வைத்தே சமாளித்துவிடலாம். வழியில் திருடு போனாலும் வாழ்க்கை நின்றுவிடாது. பெரிய வண்டி வாங்கினால்தான் உலகம் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் கார்னேக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் அந்தச் சின்ன டெபாசிட்டை வைத்து உத்தரவாதம் வாங்கப் போனபோது நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் கடைக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் பேங்க் கியாரண்டி என்றதுமே "எந்த டெண்டருக்கு?" என்று கேட்டார்கள். டெண்டர் இல்லை, வண்டிக்கு என்றேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜை, அங்கிருந்து மேலாளர். கடைசியில் "இதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கும்மா, ஸ்கூட்டருக்கு யாரும் கேட்டு நாங்க பார்த்ததில்லை" என்று ஃபைலை என் பக்கமே தள்ளிவிட்டார். டெபாசிட்டை முழுதாக வைக்கிறேன் என்று சொன்ன பிறகும் இதே பதில்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அதற்கான படிவமோ சுற்றறிக்கையோ வந்ததில்லை. மாநிலத்திலிருந்து இத்தனை பேர் கிளம்புகிறார்கள், கார்னே எப்படி எடுப்பது, வங்கி எந்த வாசகத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று தமிழில் நாலு பக்கக் கையேடு ஒன்றைச் சுற்றுலாத் துறையோ போக்குவரத்துத் துறையோ போட்டால் என்ன? சென்னையிலேயே விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்த்து அனுப்ப ஒரு மேஜை இருந்தால் என்ன? கொடியசைக்க வருகிற அமைச்சர்களிடம் உங்கள் நிருபர்கள் இதைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கொடுக்கிறார்கள், 2022-க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே வடிவம், கியூஆர் கோடோடு. ஓராண்டுதான் செல்லும், அதனால் கிளம்பும் தேதிக்குப் பக்கத்தில் எடுங்கள். லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்றிருந்தால் கியர் வண்டிக்கும் சேர்த்து மாற்றிக்கொள்வது நல்லது, பல நாடுகளில் 125 சிசி என்றாலே மோட்டார் சைக்கிள் கணக்குதான். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும், லோன் பாக்கியிருந்தால் அடைத்துவிட்டு, லோன் கொடுத்த வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 60 பக்கத்தில் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். நம் ஊர் இன்சூரன்ஸ் எல்லைக்கு வெளியே செல்லாது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து கொமேசா மஞ்சள் அட்டை என்று ஒரு மூன்றாம் நபர் காப்பீடு உண்டு, அதை அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

விசாவில்தான் வரிசை முக்கியம். கென்யாவுக்கு 2024-லிருந்து விசாவுக்குப் பதில் இணையத்திலேயே முன் அனுமதி, சுலபம். தென்னாப்பிரிக்க விசாவை இங்கே கைரேகை கொடுத்துக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் லுசாகாவில் சிக்கிக்கொள்வோம். ஐரோப்பாவை நான் தனிக் கட்டமாக வைத்ததற்கும் விசாதான் காரணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஷெங்கன் விசாவுக்கு அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு முன்புதான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்து. கிடைத்தாலும் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து பல்கேரியாவும் ருமேனியாவும்கூட முழுக்க ஷெங்கனுக்குள் வந்துவிட்டன, வெளியே போய் நாள் கடத்தும் இடமும் சுருங்கிவிட்டது. ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எழுதும் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு நாம் அப்படியே திட்டம் போட்டால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது வண்டி. என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டரின் உயிர் இடது பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட்டில் இருக்கிறது. அது அறுந்தால் இன்ஜின் ஓடும், சக்கரம் சுற்றாது. அதைத் தானே மாற்றத் தெரியாமல் யாரும் ஊரைத் தாண்டிப் போக வேண்டாம். மூடியின் போல்ட்டெல்லாம் எட்டாம் நம்பர், ஆனால் நீளம் வேறு வேறு. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அதே ஓட்டையில் குத்தி வைத்துவிட்டால் திரும்பப் போடும்போது மாறாது. பெல்ட்டை வெளியே எடுத்துப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள், பல்லுக்குப் பல் நடுவே மெல்லிய வெடிப்பு தெரிந்தால் அறுகிற வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். பெல்ட் மாட்டியிருக்கும் முன்பக்கக் கப்பியான வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலரையும் உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வண்டி ஏற்றத்தில் திணறுவதற்கு அதுதான் காரணம். நான் இரண்டு பெல்ட், ஒரு ரோலர் செட், கிளட்ச் ஷூ, ஸ்பார்க் பிளக், பிரேக் கேபிள், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கைப்பம்பு எடுத்துப் போகிறேன். சின்னச் சக்கரம் குழியில் விழுந்து எழ நேரம் எடுக்கும், அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 50, 55-ல் போனால் இன்ஜினும் சூடேறாது.

சுமையைப் பின்னால் குவிக்காதீர்கள். பின் கேரியரில் முப்பது கிலோ ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கனமானதெல்லாம், டூல்ஸ், தண்ணீர், பெட்ரோல் கேன் எல்லாம், காலுக்கு நடுவே ஃபுட்போர்டில் தாழ்வாக இருக்கட்டும். பைக்கில் இல்லாத வசதி இது. கப்பலில் அனுப்ப மரப்பெட்டி அடிக்கும்போது முன் சக்கரத்தையும் கண்ணாடிகளையும் கழற்றி உள்ளேயே வைத்தால் பெட்டி சிறிதாகும், கட்டணம் கன மீட்டர் கணக்கு என்பதால் ஒவ்வொரு சாணும் பணம். பெட்ரோலை வடித்துவிட்டு பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். மிக முக்கியம், கிளம்பும்போது சென்னைத் துறைமுகச் சுங்கத்திலேயே கார்னேயில் முத்திரை வாங்குங்கள், திரும்பி வரும்போது இது நம் வண்டிதான் என்று காட்ட அதுதான் ஆதாரம்.

தனியாகப் போவதைப் பற்றி. ஒரு பெண் தனியாகவா என்று கேட்கிறவர்களுக்கு அக்கறை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அம்மாவே கேட்கிறார். ஆனால் கூட்டமாகப் போனால் ஒருவர் விசாவுக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டும், ஒருவர் வேகத்துக்கு எல்லோரும் ஓட வேண்டும். பாதுகாப்பை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கே தங்கல், இருட்டிய பிறகு வண்டியைத் தொடுவதே இல்லை. விளக்கில்லாத லாரியும் சாலையில் நிற்கும் மாடும்தான் அங்கே பெரிய ஆபத்து என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவுக்கும் தம்பிக்கும் இருக்கும் இடத்தை அனுப்புவது, சிக்னல் இல்லாத இடத்துக்குள் போகும் முன்பே சொல்லிவிடுவது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் அதை வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். தான்சானியா, ஜாம்பியாவில் மலேரியா உண்டு, மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை யாராவது கிளம்பினாலோ திரும்பி வந்தாலோ நிருபரைவிட்டு அவருடைய கார்னேயின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். எந்த மாதம் விண்ணப்பித்தார், வங்கி எத்தனை நாளில் உத்தரவாதம் கொடுத்தது, துறைமுகத்தில் எந்த வாசலில் போய் நின்றார், திரும்பிய பிறகு ஜாமீன் பணம் கைக்கு வர எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஏற்கனவே கார்னே எடுத்து, வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து, கணக்கு முடித்த வாசகர்கள் இருந்தால் இதே பகுதிக்கு அவர்கள் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் எந்த வங்கி அவர்களுக்கு அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தது என்பதுதான் எனக்கு உடனே தெரிய வேண்டியது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.